சத்தம் வராத பெட்டி

ஸ்க்ரூ கை நழுவிவிட்டது.

தரையில் விழுந்திருந்தாலாவது குனிந்து எடுத்திருக்கலாம். அது மதர்போர்டுக்கும் பெட்டியின் அடித்தகட்டுக்கும் நடுவே நுழைந்து எங்கோ உட்கார்ந்துகொண்டது. கணக்கு வாத்தியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுக்கையறைக் கதவைப் பார்த்தார். கதவு மூடியபடியே இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த சகலை வாயைத் திறந்தார். வாத்தியார் பாய்ந்து அதைப் பொத்தினார்.

சகலை பழைய கார் வாங்கி விற்பவர். லாரிகளுக்கு நடுவே நின்று பேரம் பேசிப் பழகிய தொண்டை. அதனால்தான் இன்று முழுக்கக் காற்றாலேயே பேச வேண்டும் என்று மாடிப்படியிலேயே அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார் வாத்தியார்.

கையை எடுத்ததும் சகலை காற்றாலேயே கேட்டார்: "இப்ப என்ன பண்றது?"

"குலுக்கிப் பாக்கணும்."

"குலுக்கினா சத்தம் வருமே?"

"வரும்."

இருவரும் மறுபடி கதவைப் பார்த்தார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம் வாத்தியாரின் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ். காலையில் வந்து படுத்தால் மத்தியானம் தாண்டித்தான் எழுந்திருப்பாள். வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கும் அவள் டியூட்டிக்குக் கிளம்புவதற்கும் நடுவே கொஞ்ச நேரம் இருக்கும். அதுதான் அவர்களுடைய குடித்தனம். அந்த நேரத்தில் ஹாலில் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பார்கள். இன்றைக்குப் பாதி, நாளைக்கு மீதி.

படம் பார்ப்பது டிவியோடு சேர்த்துவைத்த பழைய கம்ப்யூட்டரில். அதைப் போட்டால் மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கதாநாயகன் கொஞ்சுகிறானா, திட்டுகிறானா என்றே தெரியாது. டிவி சத்தத்தைக் கூட்டிக் கூட்டி இனிமேல் கூட்ட இடமில்லை என்ற கட்டத்துக்கு வந்தாகிவிட்டது.

நேற்று சாயங்காலம் அவள் பொறுமை போய்விட்டது. ரிமோட்டைப் பிடுங்கி அணைத்துவிட்டு, "ஏங்க, ஒண்ணு இந்த மெஷின் இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும். நாளையிலேருந்து சாயங்காலம் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன். அங்க பேசறதாவது காதுல விழும்" என்று சொல்லிவிட்டு, ரிமோட்டைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

அக்கா வீடு என்றால் சகலை வீடு. சேதி தெரிந்ததும் சகலைதான் முதலில் பதறினார். "அக்காளும் தங்கச்சியும் தினம் ஒண்ணா உக்காந்தா, என்னைப் பத்தித்தான் பேச்சு வரும். நான் வரேன் சகலை. நாளைக்கே முடிச்சிடலாம்."

வாத்தியார் ஆசை ஆசையாய் வாங்கி வைத்திருந்த சாமான்கள் சகலை வீட்டுப் பரணில் ரொம்ப நாளாகக் கிடந்தன. டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி, அதற்கேற்ற மதர்போர்டு, ஒரே ஒரு பெரிய, மெதுவாகச் சுற்றும் ஃபேன். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போவதுபோல் கிளம்பி, தெருமுனையில் சகலையோடு காத்திருந்து, மனைவி வந்து படுத்த பிறகு பூனை மாதிரி உள்ளே வந்துவிட்டார் வாத்தியார். அவள் எழுந்து வரும்போது ஹாலில் சத்தமே இல்லாமல் படம் தயாராக இருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வாத்தியார் சோபாவிலிருந்த விரிப்பை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்து மெல்லக் குலுக்கினார். ஸ்க்ரூ விழுந்தது. விரிப்பின் மடிப்புக்குள் காணாமல் போனது. சகலை விரிப்பை உதறினார். ஸ்க்ரூ பறந்துபோய்ச் சுவரில் பட்டு, தரையில் விழுந்து, வெகுநேரம் உருண்டது.

இருவரும் சிலையாக நின்றார்கள்.

"அசைவில்லை" என்றார் சகலை. "சீக்கிரம் முடிங்க. முழிச்சுட்டா தொலைஞ்சோம்."

அடுத்தது பழைய பெட்டியைப் பிரிக்க வேண்டும். படங்களெல்லாம் அதிலிருந்த, சுற்றாத, சத்தம் போடாத ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தன. பக்கத் தகட்டைத் திறந்ததும் பல வருஷத்துத் தூசி எழும்பியது. வாத்தியாருக்கு மூக்கு அரித்தது. அவர் தும்மினால் பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்பும் எழுந்து நிற்கும். கண்ணில் நீர் முட்ட, கொடியில் கிடந்த துண்டை இழுத்து மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். தும்மல் உள்ளேயே வெடித்து அடங்கியது.

அவரைக் கவனித்துக்கொண்டிருந்த சகலை கையிலிருந்த தகட்டை மறந்தார். கையுறை வேறு வழுக்கியது. கை மின்சாரம் பட்டால் சாமான் கெட்டுப்போகும் என்று எங்கோ கேள்விப்பட்டு மாட்டிக்கொண்டு வந்த கையுறை.

டமார்!

படுக்கையறையில் கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு அமைதி.

"திரும்பிப் படுத்திருக்கா" என்றார் வாத்தியார், தமக்குத் தாமே தைரியம் சொல்வதுபோல்.

டிஸ்க்கைப் புதுப் பெட்டிக்கு மாற்றி, ஒயர்களைக் கட்டி, ப்ளக்கைச் செருகினார்கள். பளிச்சென்று ஒரு நெருப்புப்பொறி. ஹால் ஃபேன் நின்றது. படுக்கையறை ஃபேன் சத்தமும் நின்றது. சகலை கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் போர்டின் வேலை.

"இது நல்ல போர்டுன்னு சொன்னீங்களே!"

"விக்கும்போது எல்லாத்தையும் அப்படித்தான் சொல்வேன். பழக்கதோஷம்."

ஃபேன் நின்றால் வேர்க்கும், வேர்த்தால் விழிப்பாள். வாத்தியார் ஓட்டமாகப் போய் மெயினைத் தூக்கிவிட்டார். ஹால் ஃபேன் சுற்றியது. படுக்கையறை ஃபேனும் முனகிக்கொண்டு கிளம்பியது. போன உயிர் திரும்பி வந்தது.

சுவரில் நேராகச் செருகிவிட்டு, சகலை டிவி ஸ்விட்சில் கை வைத்தார். அப்போதுதான் வாத்தியாருக்கு அது உறைத்தது.

"தொடாதீங்க! சத்தம் முழுசா வெச்சிருக்கு. போட்டா கூரை பறக்கும்."

"குறைச்சிடுங்க."

"ரிமோட் உள்ள இருக்கு. அவ தலகாணிக்கு அடியில."

சகலை கதவைப் பார்த்தார். வாத்தியாரைப் பார்த்தார். "நான் இங்க காவல் நிக்கறேன்" என்றார்.

படுக்கையறை கும்மிருட்டாக இருந்தது. பகலில் தூங்குகிறவள் என்பதால் ஜன்னலில் தடிமனான திரை. வாத்தியார் சின்ன டார்ச்சை வாயில் கவ்வ முயன்றார், துண்டு இடித்தது. துண்டை அவிழ்க்கவும் பயம், மூக்கில் தூசி இன்னும் இருந்தது. டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தால் சத்தம் கேட்குமே என்று அதையும் வைத்துக்கொண்டே நகர்ந்தார்.

அவள் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். வெளிச்சம் மேலே பட்டதும் குறட்டை விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் குறட்டை விட்டு அவர் கேட்டதே இல்லை. வாத்தியாருக்கு மனசு கரைந்தது. ராத்திரி பூரா வார்டு வார்டாக நடந்த அலுப்பு. பாவம், இவளிடம்போய் அந்த மாவு மில்லை ஓட்டிக்கொண்டிருந்தோமே!

டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையணைக்கு அடியில் கையை விரல் விரலாக நுழைத்தார். குறட்டை இன்னும் பலமானது. ரிமோட் தட்டுப்பட்டது. உருவி எடுத்து, பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து கதவைச் சாத்தினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

டிவி ஸ்விட்சைப் போட்ட கையோடு சத்தத்தை ஒட்டக் குறைத்தார். புதுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினார்.

ஒன்றுமே கேட்கவில்லை.

"ஓடலையா?" என்றார் சகலை.

"ஃபேனைப் பாருங்க."

சுற்றிக்கொண்டிருந்தது. வாத்தியார் பெட்டியின்மேல் காதை வைத்தார். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. திரையில் நேற்று பாதியில் நின்ற படம் ஓட ஆரம்பித்தது. தணிந்த குரலில் கதாநாயகி ஏதோ சொன்னாள். அத்தனையும் தெளிவாகக் காதில் விழுந்தது. சகலை கையுறையோடு அவர் தோளைத் தட்டினார். வாத்தியாருக்குக் கண் கலங்கியது. இந்த முறை தூசியால் இல்லை.

அப்போது வாசல் கதவை யாரோ விரலால் மெல்லத் தட்டினார்கள். காலிங் பெல் இருக்கும்போது இப்படித் தட்டுகிறவர் எவ்வளவு நல்ல மனுஷராக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வாத்தியார் கதவைத் திறந்தார்.

வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். பின்னால் கையில் கம்போடு கட்டடத்து வாட்ச்மேன். மூன்று பேரும் செருப்பு, பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார்கள்.

வாத்தியார் துண்டுக்கு மேலேயே விரலை வைத்தார். "ஷ்ஷ்... எதுவானாலும் மெதுவாப் பேசுங்க. நைட் டியூட்டி பாத்துட்டு வீட்டுக்காரி அசந்து தூங்கறா."

முன்னால் நின்ற போலீஸ்காரர் அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், அதே மெதுவான குரலில் சொன்னார்:

"தூங்கலீங்க. வீட்டுக்குள்ள ரெண்டு திருடனுங்க பூந்துட்டாங்கன்னு, போர்வைக்குள்ளேருந்து எங்களுக்குப் போன் பண்ணதே அவங்கதான்."