இரண்டு லாரி மூடாக்கு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெரிய காரியம், 1974 ஏப்ரலில் கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஆணித் தொழிற்சாலை பூச்செடிகளுக்கு மூடாக்குப் போட்டதுதான்.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து டைரக்டர் வந்து தோட்டத்தைப் பார்வையிடுவதாக இருந்தது. வெயிலில் மண் காயாமலிருக்கச் செடிகளின் அடியில் வேர்க்கடலைத் தோல் பரப்ப வேண்டும் என்று மேனேஜர் ராஜமாணிக்கம் ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டார். உடனே 'மூடாக்கு மதிப்பீட்டுக் குழு' அமைந்தது. தலைவர் அவர். செயலாளர், உறுப்பினர்கள் எல்லாம் குமாஸ்தாவாகிய நான்.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் செங்கம்மாளை அழைத்து விசாரித்தோம்.

"முப்பது கூடை போட்டா போதும் சார். ரெண்டு விரக்கடை கனம் இருந்தாலே ஈரம் நிக்கும்."

"கூடைன்றது சயின்ஸாய்யா?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

"இல்ல சார்."

அவளை அனுப்பிவிட்டோம்.

நான் கணக்கிட்டேன். பாத்தியின் நீளம் நாற்பது அடி, அகலம் ஆறு அடி, மூடாக்கின் கனம் இரண்டு அங்குலம். அடி பெரியது, அங்குலம் சிறியது என்று பேதம் பார்ப்பவன் அல்ல நான். மூன்றையும் சரிசமமாக நடத்திப் பெருக்கினேன். நானூற்று எண்பது கன அடி!

சனிக்கிழமை புதுவாயல் பக்கமிருந்து இரண்டு லாரி தோல் வந்து இறங்கியது.

"அய்யய்யோ! இத்தினியும் கொட்டினா செடி பொதைஞ்சி பூடும் சார்!" என்று அலறினாள் செங்கம்மாள்.

"மிச்சம் வெச்சா எஸ்டிமேட் தப்புன்னு ஆயிடும். கொட்டும்மா!" என்றார் மேனேஜர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே கொட்டினாள். அறுபது கனகாம்பரமும் இரண்டடி ஆழத்தில் மறைந்தன. 'பூக்களைப் பறிக்காதீர்' என்ற பலகை மட்டும் வெளியே தெரிந்தது. அந்த உத்தரவை அன்று மீறியவர் எவருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. செங்கம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. தங்கை பூவம்மாளைக் கூட்டிவந்து, பொழுது சாயும்வரை தோலை அள்ளி வேலியோரம் குவித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் டைரக்டர் கனகாம்பரத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார். "பிரமாதம்!" என்று மேனேஜரின் கையைக் குலுக்கினார். மேனேஜர் என் முதுகைத் தட்டினார். இப்படி எல்லோருக்கும் உரியது கிடைத்தபின், செங்கம்மாளுக்கு மெமோ கிடைத்தது: 'ஆபீஸ் அனுமதியின்றிச் செடிகளை உயிரோடு வைத்திருந்ததற்குக் காரணம் கூறவும்.'

அவளுக்கு எழுத வராது. பதிலையும் நானே எழுத வேண்டியதாயிற்று.

"இன்னா சார் எழுதறது? மூச்சு முட்டி செத்துக்கினு இருந்துச்சி, அள்ளிப் போட்டேன். அப்டியே எழுதிக்கோ."

ஆகா, எவ்வளவு தெளிவான விளக்கம்! ஒரு சொல்கூட வீணாகாமல் அதை ஆபீஸ் தமிழுக்கு மாற்றி, அவளிடம் கைநாட்டு வாங்கினேன்:

'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.'