மைக்செட்டின் ஓவர்டைம்

அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே கள்ளக்காதலுக்குத் துளியும் லாயக்கில்லாத ஆள் எங்கள் மைக்செட்தான். முப்பது வருஷம் பவர் பிரஸ் ஓட்டிக் காது மந்தமாகிவிட்டது. அவர் ரகசியம் பேசினால் கம்பெனி கேட்டுக்கு வெளியே டீக்கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார்; அந்தப் பட்டப்பெயரே அதனால் வந்ததுதான்.

அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்து மூன்று வயதில் பேக்கிங் பிரிவு ரோசியோடு பழக்கம் ஏற்பட்டது. கணவரை இழந்த ரோசி திருநின்றவூரில் தனியாக இருந்தார். மைக்செட்டின் வீடு அடுத்த ஸ்டேஷன், வேப்பம்பட்டு. வாரத்தில் இரண்டு நாள் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிவிடுவார். மனைவி செல்வியிடம் ஓவர்டைம் என்பார். செல்வி எனக்குப் போன் செய்து கேட்டபோது நானும் அதையே சொன்னேன்.

கம்பெனியில் இருவரும் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஸ்கிராப் குவியலுக்குப் பின்னாலிருந்து போன் போடுவார். “யாருக்கும் தெரியாது ரோசி. மெதுவாத்தான் பேசிகினு கீறேன்.” கேன்டீனில் நாற்பது பேர் மெல்லுவதை நிறுத்தியிருப்போம்.

ஒருநாள், “இன்னாது, மூணு மாசமா?” என்று குரல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவரும் செல்வியும் ஒரு குழந்தைக்காகப் பதினைந்து வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“மச்சான், ஊட்ல சொல்லணும். கூட வா,” என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். செல்வி கடைசிவரை கேட்டார்.

“உள்ள வந்து சொல்லக்கூடாதா? தெருவே கேட்டுச்சே,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்களும்தானே தம்பி ஓவர்டைம்னு சொன்னீங்க.”

என்னால் நிமிர முடியவில்லை. மைக்செட்டின் துணிகள் ஒரு பையில் வெளியே வந்தன. அதைத் தூக்கிக்கொண்டு திருநின்றவூர் போனால், ரோசி கதவைப் பாதிதான் திறந்தார். “அந்தக்காவ அழ வெச்சிட்டு இங்க குடித்தனம் பண்ண வராத. கொழந்த பொறந்தா வந்து பாத்துக்க.”

மைக்செட் கரையான்சாவடியில் ஒரு ரூம் எடுத்தார். ஐந்து வருஷமாகத் தானே சமைத்துச் சாப்பிடுகிறார். செல்வி இன்றுவரை பேசவில்லை.

போன மாதம் அவருக்கு ரிட்டயர்மென்ட் விழா. மனைவியோடு ஏற வேண்டிய மேடைக்கு, நாலு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். புதிதாக வந்த மேனேஜர் குனிந்து, “பேத்தியா?” என்றார்.

“இல்ல சார். என் பொண்ணு.”

யாரும் கை தட்டவில்லை. குழந்தை உட்கார இடம் தேடியது. நான் எழுந்து போய், “வாம்மா, மாமா பக்கத்துல உக்காரு,” என்று கையை நீட்டினேன்.