ஆச்சரியக்குறி அகற்றும் குழு

கணினிப் பாதுகாப்புக்காக உலகில் எத்தனையோ குழுக்கள் அமைந்திருக்கலாம். ஆனால் ஒன்பது கூட்டம் நடத்தி, கணினிக்குள் ஒரு வரியைக்கூட மாற்றாமல் வெற்றி கண்ட குழு எங்களுடையது ஒன்றுதான். அதன் தலைவர் அடியேன் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்களுடையது குடிநீர் வழங்கல் அலுவலகம். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்ற அறிவிப்பைத் தட்டச்சு செய்பவர் ஒரு தற்காலிக ஊழியர். எட்டு வருடமாகத் தற்காலிகம். அடுத்த மாதம் நிரந்தரம் ஆக வேண்டியவர். அறிவிப்பைத் திருத்தும் எடிட்டர் என்ற மென்பொருளைத் தவிர வேறெதையும் திறக்க அவருக்கு அனுமதி இல்லை. அந்த அம்மாள் ஒரு நாள் என் அறைக்கு வந்தார்.

"சார், எடிட்டருக்குள்ளயே ஒரு ஆச்சரியக்குறி போட்டா கணினிக்கு நேரடியா உத்தரவு போடற கட்டளைத் திரை திறந்துக்குது. அங்கேருந்து ஊரோட மொத்த இணைப்புப் பட்டியலையும் அழிச்சிடலாம்."

"நீங்க அழிச்சுப் பார்த்தீங்களா?"

"ஐயோ, இல்ல சார்!"

"அப்புறம் அழியும்னு எப்படிச் சொல்றீங்க?"

என் கூர்மையான கேள்வியில் அவர் சற்றுத் தடுமாறினார். "அந்த வழியை அடைச்ச எடிட்டர் தனியாவே இருக்கு சார். மாத்த ரெண்டு நிமிஷம் ஆகும்."

இரண்டு நிமிடம்! ஓர் ஆபத்தை இவ்வளவு மலிவாக மதிப்பிட்டவரை நான் கண்டதில்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. உடனே 'உயர்நிலைக் குழு' அமைத்தேன்.

ஐந்தாவது கூட்டத்தில் குழு உறுப்பினரான பண்டகக் காப்பாளருக்குப் பொறி தட்டியது. "குத்தவாளி யாரு? ஆச்சரியக்குறி. அந்தக் கீயைப் பிடுங்கிட்டா?"

நாற்பது விசைப்பலகைகளிலும் பிடுங்கினோம். ஒன்று என்ற எண்ணும் அதே விசையில் குடியிருந்தது எங்கள் குற்றமல்ல. பதினோராம் தெரு அறிவிப்பிலிருந்தே மறைந்தது. காலி வாளியோடு வந்தவர்களிடம் பொறுமையாக விளக்கினோம்: "உங்க தெருவைப் பாதுகாப்புக்காக நிறுத்தி வச்சிருக்கோம்."

ஒன்பதாவது கூட்டத்துக்கு அந்த அம்மாள் தானாகவே வந்தார். "சார், அந்தக் கீ இல்லாமலும் திறக்குது. இன்னொரு வழி இருக்கு." செய்தும் காட்டினார். பத்து நொடிகூட ஆகவில்லை.

குழுவுக்கு வியர்த்துவிட்டது. பண்டகக் காப்பாளர் மட்டும் நிதானமாகக் கேட்டார்: "இந்த வழி ஆபீஸ்ல எத்தனை பேருக்குத் தெரியும்மா?"

"எனக்கு மட்டுந்தான் சார்."

அப்பாடா! ஆபத்து மொத்தம் ஒரே ஆள்தான்.

அன்று மாலையே அவருக்குப் பணி விடுவிப்பு ஆணை கொடுத்தேன். "நல்லதுக்குத்தானே சார் சொன்னேன்? எட்டு வருஷம் சார்..." என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. ஆகவே ஜன்னலைப் பார்த்தேன்.

அவர் செய்து காட்டியதை நாங்களும் பார்த்தோமே என்று சிலர் கேட்கலாம். எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது கூட்டக் குறிப்பில் முறைப்படி பதிவாகியிருக்கிறது. இறுதி அறிக்கையில் எல்லோரும் கையெழுத்திட்டோம்: "ஓட்டையைக் கண்டவர் அகற்றப்பட்டார். ஓட்டை பத்திரமாக உள்ளது."