ஓஸ்ஸியின் காரும் நூறு கிலோமீட்டருக்கு நாலு லிட்டரும்

கூமோ,
பிப்ரவரி மாதம், வாசலில் மைனஸ் இருபத்து நாலு.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஓஸ்ஸி அவர்களுக்கு, உங்கள் மச்சான் வில்ஹோ வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் என் மனைவி இர்யாவும் சுகம். கூரைமேல் இடுப்பளவு பனி, அதுவும் சுகம். அங்கே ஸ்பெயின் கடற்கரையில் நீங்களும் என் தங்கை காய்யாவும் வெயிலில் கருகாமல், மூக்குத் தோல் உரியாமல், ஊர்க்காரர்களோடு சீட்டாடிச் சண்டை போடாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் காரும் சுகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவதையெல்லாம் இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

அக்டோபரில் சாவியைக் கையில் கொடுத்தபோது, "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி ஒரு சுத்து ஓட்டுங்க மச்சான், அது போதும், வேற எதையும் தொட வேணாம்" என்று சொன்னீர்கள். முதல் பாதி நன்றாகக் கேட்டது. இரண்டாவது பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. முப்பது வருஷம் நான் முனிசிபாலிட்டி பஸ் ஓட்டியவன்; அது எவ்வளவு குடித்தது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் உங்கள் கார், ஒரு சின்ன அலமாரி அளவு வண்டி, உங்கள் மகனைவிட மூத்தது, குளிர் தொடங்கியதும் நூறு கிலோமீட்டருக்கு ஒன்பது லிட்டர் குடித்தது. பெட்ரோல் பங்கில் பக்கத்து வீட்டு ஆர்வி, நாலு பேர் காதில் விழும்படி, "ஏன் வில்ஹோ, பெட்ரோல் டேங்க் ஓட்டையா, இல்ல நீயே குழாய் போட்டு உறிஞ்சுறியா?" என்று கேட்டான். அன்றைக்கு மனதுக்குள் சபதம் செய்தேன்: இந்த வண்டியை நாலு லிட்டரில் ஓட்டிக் காட்டாவிட்டால் நான் கெம்ப்பைனென் குடும்பத்தவன் இல்லை.

முதலில் எடையைக் குறைத்தேன். பின் சீட்டு எதற்கு? நாங்கள் இரண்டே பேர். கழற்றி, நீராவிக் குளியல் போடும் சவுனாவின் முன்னறையில் போட்டேன், குளித்துவிட்டு உட்கார அவ்வளவு சுகம். பிறகு டயரில் காற்றைக் கூட்டினேன், கல் மாதிரி ஆகும்வரை. காற்று அதிகமானால் சக்கரம் சுலபமாக உருளும் என்பது உண்மை. பனிக்கட்டியில் நாம் நிறுத்த நினைத்த பிறகும் உருளும் என்பது தேவாலய வாசலில் தெரிந்தது. பாதிரியார் நல்ல சுறுசுறுப்பான மனிதர், குதித்துவிட்டார். அடுத்து எஞ்சின் சூடு. ராத்திரி முழுக்க உறைந்து கிடக்கிற எஞ்சின்தான் காலையில் அப்படிக் குடிக்கிறது, அதனால் சூடேற்றும் மின்கம்பியை வீட்டுச் சுவரில் செருகி வைத்தேன். நல்ல பலன். ஒருநாள் கம்பியைக் கழற்ற மறந்து கிளம்பிவிட்டேன். சுவரிலிருந்த மின்பெட்டி கூடவே கடைத்தெரு வரைக்கும் வந்தது. ஆர்வி கையசைத்தான். நட்பாகக் கையசைக்கிறான் என்று நினைத்து நானும் அசைத்தேன்.

அப்புறம்தான் அட்டை. ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை வைத்தால் குளிர்காற்று உள்ளே புகாது, எஞ்சின் சீக்கிரம் சூடாகும், இது நம் அப்பா காலத்துக் கெட்டிக்காரத்தனம். கொஞ்சம் இடம் விட்டு வைக்க வேண்டும் என்பார்கள். ஒரு அட்டையே அரை லிட்டர் மிச்சம் பிடிக்கிறதென்றால் இரண்டு அட்டை என்ன செய்யும் என்று நான் யோசித்தேன். இரண்டு வைத்து, நடுவில் என் பழைய கம்பளிக் காலணியை வெட்டிச் சொருகி, ஓரமெல்லாம் டேப் ஒட்டினேன். உள்ளே காற்று வரும் ஓட்டைகளையும் டேப் போட்டு மூடினேன். ஹீட்டர் சுவிட்சை அணைத்து, யாரும் தொடாதபடி அதன்மேலும் டேப். எஞ்சின் உழைத்துச் சம்பாதித்த சூட்டை நம் கால்விரலுக்கு ஏன் தானம் செய்ய வேண்டும்? ஜனவரியில் கணக்கு ஐந்தே கால் லிட்டருக்கு வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் இர்யாவின் கண் ஆபரேஷனுக்கு நாள் வந்தது. அவளுடைய கண்புரை உங்களுக்குத் தெரியும். போன வருஷம் முழுக்க அவள் என்னைக் குரலை வைத்தும், பூனையைக் காலில் இடிபடுவதை வைத்தும்தான் கண்டுபிடித்தாள். தையல் நின்றுவிட்டது, பேப்பரை நான்தான் வாசித்துக் காட்டினேன். வசந்தத்திலிருந்து காத்திருந்து கிடைத்த நாள்; தவறினால் மறுபடி வரிசையின் கடைசி. கயானி ஆஸ்பத்திரிக்கு நூறு கிலோமீட்டர். டாக்ஸி அனுப்புகிறோம், நீங்கள் ஒன்றும் தர வேண்டாம் என்றுகூடச் சொன்னார்கள்.

"டாக்ஸிலயே போயிடலாம் வில்ஹோ" என்றாள் இர்யா.

"நம்ம கிட்ட கார் இருக்கும்போதா?"

"நம்ம கார் இல்ல. ஓஸ்ஸி கார். அதுலயும் பாதி இப்ப சவுனாவுல கிடக்குது."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. நூறு கிலோமீட்டர், நேர்ச் சாலை, இடையில் நிறுத்தவே வேண்டாம். நாலு லிட்டர் சாதனைக்கு இதைவிட நல்ல பாதை கிடைக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

விடியுமுன் கிளம்பினோம். மைனஸ் இருபத்தெட்டு. இர்யாவை இரண்டு போர்வையில் சுற்றி, மடியில் சுடுநீர் பாட்டிலும் உருளைக்கிழங்கு அடையும் கொடுத்து உட்கார வைத்தேன். இறக்கம் வந்தபோதெல்லாம் கியரை நழுவவிட்டேன், வண்டி தானாக உருண்டது, ஒரே அமைதி. ஓட்டைகள் எல்லாம் மூடியிருந்ததால் எங்கள் மூச்சுக்காற்று கண்ணாடியில் உள்பக்கமாக உறைந்தது. நான் ஒரு கையால் சுரண்டிக்கொண்டே ஓட்டினேன்.

"ஏதாவது தெரியுதா?" என்று இர்யா கேட்டாள்.

"எல்லாம் தெரியுது."

"எனக்குத்தான் கண்ணு தெரியாது. உனக்கு என்ன வந்துச்சு? எதிர் வண்டி வர்ற பக்கமா போய்க்கிட்டிருக்க."

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பாதி வழியில் ஒரு நீண்ட ஏற்றம். அதில் ஏறும்போது ஊசி சிவப்பைத் தொட்டது. மாப்பிள்ளை, மைனஸ் இருபத்தெட்டில் எஞ்சினைக் கொதிக்க வைத்த முதல் ஆள் இந்தக் கயினூ வட்டாரத்திலேயே நானாகத்தான் இருப்பேன். மூடியின் இடுக்கிலிருந்து சவுனா கல்லில் தண்ணீர் ஊற்றியதுபோல் ஆவி கிளம்பியது. ஓரங்கட்ட பிரேக்கை மிதித்தேன், கல் போன்ற டயர் வழுக்கியது, வண்டி நிதானமாக, மரியாதையாகவே, பனிக் குவியலுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. அடி ஒன்றும் இல்லை. காட்டைத் தவிர சுற்றிலும் எதுவும் இல்லை. போனில் சிக்னலும் இல்லை.

இர்யா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு, திட்டினாலும் தாங்கியிருப்பேன், மெதுவாகச் சொன்னாள்: "எனக்குக் கோபம் இல்ல வில்ஹோ. கண்ணு சரியாயிடும்னு தையல் மெஷினை வெளியில எடுத்து, எண்ணெயெல்லாம் போட்டு வச்சிட்டேன். அதான்."

நான் கீழே இறங்கி, கையால் பனியைத் தோண்டத் தொடங்கினேன். ஏன் கையால் என்றால், மண்வெட்டி ஒன்றரைக் கிலோ எடை. அதையும் வீட்டில் வைத்துவிட்டேன்.

கடவுள் அருளால் பின்னாலிருந்து மஞ்சள் விளக்கு சுழல, பனி தள்ளும் லாரி வந்தது. ஓட்டி வந்தவள் சிர்க்கா என்று ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், கதவைத் திறந்து குதித்தாள். என் காரின் முகத்தைப் பார்த்தாள். டேப்பைக் கிழித்தாள். ஒரு அட்டை வந்தது, காலணி வந்தது, இன்னொரு அட்டை வந்தது.

"பெரியவரே, இது காரா, இல்ல கம்பளி போர்த்துன அடுப்பா? இன்னும் உள்ள என்ன வச்சிருக்கீங்க, தலகாணியா?"

"எரிபொருள் சிக்கனம்" என்றேன்.

"சிக்கனந்தான். வண்டியே போகலேன்னா எண்ணெயே செலவாகாது."

இர்யா போர்வைக்குள்ளிருந்து சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்த முதல் சிரிப்பு, அதுவும் இன்னொருத்தி சொன்னதற்கு. விஷயத்தைக் கேட்டதும் சிர்க்கா சட்டென்று மாறிவிட்டாள். "அம்மா, நீங்க என் வண்டியில ஏறுங்க. உள்ள வெதுவெதுன்னு இருக்கு, காபி இருக்கு. என் ரூட்டு கயானிலதான் முடியுது, ஆஸ்பத்திரி கேட்டுலயே விடுறேன்" என்றவள், சங்கிலி போட்டு உங்கள் காரை வெளியே இழுத்தாள், எஞ்சின் ஆறியதும் தன்னிடமிருந்த கூலண்டை ஊற்றினாள், டயரில் காற்றை இறக்கினாள், ஹீட்டர் டேப்பைப் பிய்த்து முழு வேகத்தில் திருப்பினாள். "இத போட்டு ஓட்டுனா எஞ்சினும் கொதிக்காது, பெரியவருக்கும் மூளை உறையாது. என் பின்னாலயே வாங்க. ரொம்ப ஒட்டாதீங்க."

அப்படித்தான் என் மனைவி, ராணி மாதிரி உயரத்தில் உட்கார்ந்து, மஞ்சள் விளக்கு சுழல, தனக்கு முன்னால் சாலையே சுத்தமாகிக்கொண்டு போக, ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்கினாள். சரியான நேரம். நர்ஸுகள் ஜன்னலில் கூடிவிட்டார்கள். இப்போது கவனியுங்கள் மாப்பிள்ளை: வழித்த சாலை, லாரி காற்றைத் தடுக்கிறது, சீரான மெதுவான வேகம். டேங்கை நிரப்பி, முதல் பாதிக்குப் பழைய ஐந்தே கால் கணக்கைக் கழித்துப் பார்த்தேன். அந்தப் பாதி வழிக்கு, நூறு கிலோமீட்டருக்கு மூன்று புள்ளி ஒன்பது! ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க நான் நிம்மதியாகக் காரில் உட்கார்ந்து இந்தக் கணக்கைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் வீட்டில் கண் கட்டைப் பிரித்ததும் இர்யா ஜன்னலைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், பிறகு என்னை நீண்ட நேரம் பார்த்தாள். கண்ணீர் விடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இந்த ஸ்வெட்டரையா ஒரு வருஷமா போட்டுக்கிட்டு ஊர் சுத்துன?" என்றாள்.

அன்றைக்கே தைக்கத் தொடங்கிவிட்டாள். எனக்குப் புதுச் சட்டை.

ஆகவே மாப்பிள்ளை, நான் திருந்திவிட்டேன். பின் சீட்டு காருக்குத் திரும்பிவிட்டது. டேப் பிசினைச் சுரண்டியாகிவிட்டது. டயரில் அளவான காற்று, டிக்கியில் மண்வெட்டி. ஒன்பது லிட்டர் குடித்தால் குடிக்கட்டும், பாவம், வயதான வண்டி. இனி அதன்மேல் என் விரல்கூடப் படாது. ஏப்ரலில் நீங்கள் வரும்போது விட்டுப்போனபடியே நிற்கும். என் தங்கைக்கு என் ஆசி. அவளிடம் இதில் ஒரு வரியும் சொல்ல வேண்டாம்.

உங்கள் நலம் கோரும்,
வில்ஹோ கெம்ப்பைனென்
முனிசிபாலிட்டி பஸ் ஓட்டுநர் (ஓய்வு)

பின்குறிப்பு: தம்பி ஓஸ்ஸி, இது இர்யா அக்கா. ஸ்டாம்ப் எடுக்கப் போனவரை இன்னும் காணோம், அதனால் நானே படித்துவிட்டேன். எல்லா எழுத்தும் தெரிகிறது. ஆபரேஷன் நேரத்தில் இவர் காரில் உட்காரவே இல்லை. ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே என் கம்பளித் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாராம். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லையாம், போவோர் வருவோரிடமெல்லாம் "டாக்ஸிலயே கூட்டிட்டு வந்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நர்ஸ் சொன்னாள். அப்புறம், இவர் திருந்தினது பற்றி: நான் ஜன்னல் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் காரின் அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அடிப்பக்கம் முழுக்க எங்கள் குளியலறைத் திரையை வைத்து டேப் ஒட்டுகிறார், காற்று வழுக்கிப் போகவாம். ஏப்ரலில் வந்து காரை எடுத்துக்கொண்டு போங்கள். ஆளை நான் வைத்துக்கொள்கிறேன்.