கதவைத் தட்டியது யார்?

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே உங்கள் நாடகத்தைத் தவிர எல்லாரும் நலம். அங்கே வேலையும் உடம்பும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன் நீங்கள் வெளியூர் வேலைக்குப் போகும் அவசரத்தில் கொடுத்த தாள்களைப் பார்த்து நான்தான் நாடகத்தைப் படியெடுத்தேன். ஒத்திகையில் வசனம் எடுத்துக்கொடுப்பதும் நான்தான் என்பதால் எல்லாச் சந்தேகமும் என் தலையில் வந்து விழுகிறது. மூன்றாம் காட்சியின் முடிவில், "கதவு தட்டும் ஓசை. அவள் திறக்கிறாள்" என்று இருக்கிறது. உடனே நான்காம் காட்சி வந்துவிடுகிறது. தட்டியது யார்? எழுத்தில் இல்லாததை மேடையில் செய்யக்கூடாது என்று சட்டம் போட்டவர் நீங்கள். ஆனாலும் நம் நாடகத்தில் நடிக்கும் தபால்காரர், கதையில் காணாமல்போன தம்பியாக வந்தே தீருவேன் என்கிறார், தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்து இயக்கும் அப்பாவோ வருவது வெறும் காற்றுதான் என்று மேசை விசிறியை வைத்துப் பார்த்தார், அதில் கூட நடிக்கும் தச்சரின் ஒட்டுமீசை பறந்துவிட்டது, அதைத் தேடியதில் ஒரு மாலையே போயிற்று, கடைசியில் அது தபால்காரரின் முதுகில் இருந்தது.

கதவைத் திறக்கும் பெண்ணாக நடிக்கும் அத்தைக்குத்தான் பொறுமை போய்விட்டது. "யாருக்குத் திறக்கிறேன்னே தெரியாம எந்த மூஞ்சிய வெச்சுக்கிறது? உங்க மாமா எழுதி அனுப்பட்டும். இல்லேன்னா சனிக்கிழமை நாடகத்துக்கு வேற ஆளப் பாத்துக்குங்க" என்றார்.

நேற்றும் ஒத்திகை நடந்தது. கூடத்தின் நடுவில் சுவரில்லாமல் நிற்கும் அந்தக் கதவின் மேல் சாயங்கால வெயில் சாய்ந்திருந்தது. அத்தை திறந்தார். அந்தப் பக்கம் மடக்கு நாற்காலிகளும் தூசியும்தான். ஆனால் அவர் பார்த்த பார்வையில் நாற்காலிகள் எல்லாம் ஒதுங்கி நீளமாக ஒரு தெரு உண்டாகி, அதன் கோடியில் யாரோ பெட்டியோடு மெல்ல நடந்து வருவது எனக்கே தெரிந்தது. அப்பா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளோடு அப்படியே நின்றார். அத்தை கதவைச் சாத்திவிட்டு, "எட்டு மாசம் ஆச்சுல்ல?" என்றார். அது வசனத்தில் இல்லை. நான் திருத்தவில்லை.

ஆகவே, வந்தது யார் என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அப்பாவும் அம்மாவும் விசாரித்ததாகச் சொன்னார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் அன்பு மருமகள்

பி.கு.: நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க எடுத்தேன். பக்க அடையாளத்துக்கு நான் வைத்திருந்த தாள், படியெடுக்காமல் விட்டுப்போன உங்கள் பதினேழாம் பக்கம். வந்தது பால்காரர். "நாளைக்கு அரை லிட்டர் போதுமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். மாமா, அந்தத் தாளைப் பள்ளிப்பையின் அடியில் போட்டுவிட்டேன். நீங்கள் ஒரு வரியும் எழுத வேண்டாம். சனிக்கிழமை ஐந்து மணிக்கு வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்ளுங்கள். எப்போது தட்ட வேண்டும் என்று நான் சாடை காட்டுகிறேன்.