விளக்கு வைக்கும் நேரத்தில் அலறும் பெட்டி

ஸ்ரீ முத்துமாரியம்மன் துணை

டிக்கோயா,
வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி.

வத்தளையில் இருக்கும் அன்புத் தம்பி கந்தப்பனுக்கு,

அக்கா புஷ்பராணி எழுதிக்கொள்வது. அம்மன் கிருபையால் இங்கே நான் சுகம். கள்ளன் வந்தால் கத்தும் என்று நீ சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டிதான் மூன்று நாளாகச் சுகமில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிக்கா, வைக்கிறேன்" என்பாய். அதனால் கடிதம்.

உன் மச்சான் மாதம் ஒருமுறைதான் கொழும்பிலிருந்து வருகிறார், அக்கா தனியாக இருக்கிறாளே என்று பாசத்தில் மாட்டினாய். குறை சொல்லல. ஆனா அஞ்சரைக்கு மேல வாசக்கதவு திறந்தா அலறும்னு வச்சிட்டுப் போயிட்ட. ஆறு மணிக்குப் பின்கதவைச் சாத்தி, முன்கதவை விரியத் திறந்துதானே நம்ம வீட்டுல விளக்கு ஏத்துறது? மகாலட்சுமி உள்ள வாற நேரமாச்சே. முதல் நாள் கதவைத் திறந்தேன், தேயிலை மலை முழுக்கக் கேக்குற மாதிரி ஒரு அலறல். பக்கத்து வீட்டு இராமையா அண்ணன் தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியோட ஓடி வந்தாரு. "எங்க தங்கச்சி கள்ளன்?" "கள்ளன் இல்லண்ணே, விளக்கு வச்சேன்." "விளக்கு வச்சதுக்கா இந்தக் கூப்பாடு?" நிப்பாட்டுற நம்பர் மறந்துபோய், சாமிப் படத்துக்குப் பின்னால ஒட்டின கடதாசித் துண்டை எடுத்துச் சத்தமா வாசிச்சு அமத்தினேன். மறுநாள் நான் தடுமாறுறதுக்குள்ள வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "தங்கச்சி, நாலு ஏழு ஒன்னு ரெண்டு!" அதுக்கடுத்த நாள் அவர் பொஞ்சாதியும் சேர்ந்துகிட்டா. இப்ப நம்ம நம்பர் தெரியாதவன் டிக்கோயாவுல அந்தக் கள்ளன் ஒருத்தன்தான். உன் போனுக்கும் மெசேஜ் வருதுன்னு நீயும் தினம் ஆறு மணிக்கு "என்னக்கா, கள்ளனா?"ன்னு கேட்டுக் களைச்சுப் போன. நேரத்தை மாத்துடான்னா, "இருட்டுற நேரத்துலதான்கா வருவான்"ங்கிற.

கணக்குக் கொப்பியில தனிப் பக்கம் போட்டு எழுதினேன். தேதி, நேரம், வந்தவர். முப்பத்தெட்டு நாள். வந்தவர்னு போட்ட இடத்துல முப்பத்தெட்டு தரமும் 'பனி'. உண்மைதான் தம்பி. கதவைத் திறந்தா மலையிலிருந்து இறங்கின பனி வாசப்படியில நிக்கும். பெட்டி கத்தும். பனி கொஞ்சம் தயங்கி, சேலையைத் தூக்கிப் பிடிச்சு நடக்குற மாதிரி உள்ள வந்து, விளக்கைச் சுத்தி மஞ்சளா உக்காரும். அப்போ அந்தச் சத்தம் வேற ஏதோ மலையில கேக்குற மாதிரி இருக்கும். வாசல்ல யாரோ செருப்புக் கழட்டுற மாதிரியும் இருக்கும்.

உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு? கதவைத் திறக்கிறது மகாலட்சுமிக்கு மட்டுமில்ல. கிருஷாந்தி மைக்கலைக் கட்டிக்கிட்டு ராகலைக்குப் போய் ரெண்டு வருஷம். "இந்தப் படி ஏறாத"ன்னு மகள்கிட்டச் சொன்னதும் நான்தான். அவ மனசு மாறி அந்தப் பனிக்குள்ள நடந்து வந்து, பெட்டி கள்ளி கள்ளின்னு கத்த, அப்படியே திரும்பிப் போயிட்டா? அதான் செவ்வாய்க்கிழமை இராமையா அண்ணனை விட்டு பெட்டரியைக் கழட்டி, துவாயில சுத்தி, அரிசி வாளிக்குப் பின்னால வச்சிட்டேன். வீடு அமைதி. அண்ணனுக்குத்தான் ஆறு மணி எப்பன்னு தெரியல.

அடுத்த தரம் வரும்போது எடுத்துக்கொண்டு போய்விடு. உன்னையும் ஜெயந்தினியையும் பிள்ளைகளையும் மாரியம்மன் காப்பாள். அவளுக்குப் பெட்டரி வேண்டாம்.

உன் அக்கா,
புஷ்பராணி

பி.கு: பெட்டியை எடுக்க வராத! கடிதத்தை ஒட்டச் சோத்துப் பருக்கை எடுக்கப் போனேன், வாசல்ல செருப்புக் கழட்டுற சத்தம். பனின்னுதான் நினைச்சேன். கிருஷாந்தி! மூச்சு வாங்க நின்னு என்னை மேலயும் கீழயும் பாக்குறா. "ஏம்மா மூனு நாளா விளக்கு வைக்கல? உடம்புக்கு என்ன?" "உனக்கு எப்படிடி தெரியும்?" போனைக் காட்டினா. திருட்டுப் பயலே, அவ நம்பரையும் பெட்டியில போட்டிருக்க! ஆறு மணிக்கு மெசேஜ் வந்தா 'அம்மா விளக்கு வச்சிட்டாங்க'ன்னு அவளும் ராகலையில வைப்பாளாம். மைக்கல் தீப்பெட்டியோட பக்கத்துல நிப்பாராம். இப்ப அவர் நான் திட்டுவேன்னு பயந்து கீழ ரோட்டுல நிக்கிறாராம். பெட்டி கத்தினா மேல வரச் சொல்லியிருக்கேன். இராமையா அண்ணன் பெட்டரி போட்டாச்சு. ஆறு அடிக்க மூனு நிமிஷம். கதவைத் திறக்கப் போறேன்.