ஏற மறுத்த நங்கூரம்

நங்கூரம் ஏறுவேனா என்றது. கிளைவ் அதைத் தூக்கும் விஞ்ச் இயந்திரத்தை மறுபடி இயக்கிப் பார்த்தார். இயந்திரம் முனகிவிட்டு நின்றுபோயிற்று.

குடாவின் நடுவில் படகுக் கிளப்பின் அத்தனை படகுகளும் நின்றன. இறந்துபோன மெர்வின் டோல்ஹர்ஸ்டுக்குக் கடலில் மலர்வளையம் விட்டாயிற்று. பெயிண்ட் வியாபாரத்தை விற்றுவிட்டுப் படகே கதியென்று கிடந்த மனிதர் அவர். 'மேரி டன்ஸ்டன்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் இந்தக் குடாவில்தான் மூழ்கியது என்பார். "ஒருநாள் எல்லாரும் வாங்கப்பா, தேடிப் பார்ப்போம்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கெஞ்சுவார். "அடுத்த மாசம் பார்க்கலாம், மெர்வ்" என்று தலைவர் கிளைவ் தேநீருக்கு எழுந்துவிடுவார்.

இன்றாவது மனிதருக்கு மரியாதை குறையக் கூடாது என்று கிளைவ் தவித்தார். நங்கூரம் போட இடம் காட்டிய மெர்வினின் மனைவி நோரீன் வேறு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கயிறைக் குடுய்யா, நான் இழுக்கிறேன்" என்றார் அடுத்த படகு டட்லி. இழுத்தார். கிளைவின் படகுக் கைப்பிடிக் கம்பி பிய்ந்து டட்லியின் மடியில் விழுந்தது.

"தள்ளுங்க, உங்களுக்கெல்லாம் என்ன தெரியும்!" என்று இன்னொரு படகிலிருந்து ராஸ் வந்தார். கயிறு அவர் படகின் அடியில் சுழலும் உந்து விசிறியில் சுற்றிக்கொண்டது. மூன்று படகும் முட்டியதில் சாப்பிடக் கொண்டுவந்த சிப்பிக்கறிப் பலகாரம் மொத்தமும் கடலுக்குப் போயிற்று.

"சங்கிலியை அறுத்து விடுய்யா!" என்று கத்தினார் ராஸ்.

"புது நங்கூரம்! அறுத்தா என் பொண்டாட்டி என்னை அறுத்துடுவா!" என்றார் கிளைவ்.

கடைசியில் ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் அத்தனை படகும் சேர்ந்து இழுத்தன. நங்கூரம் மெல்ல ஏறியது. அதன் கொக்கியில் பழங்காலக் கப்பலின் கரிய பலகை ஒன்று. பச்சை பூத்த செப்புத் தகடு, கையால் அடித்த சதுர ஆணிகள்.

"கிளைவ், இது மெர்வ் சொன்ன கப்பல்யா!" என்றார் டட்லி.

ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். கிளைவ் பலகையைத் தடவிப் பார்த்தார். அடேயப்பா, மனுஷன் சொன்னது அத்தனையும் சத்தியம்!

"அவர் கெஞ்சினப்போ நாங்க வரலையே, நோரீன்" என்றார் கிளைவ். "இன்னைக்குத் தற்செயலா மாட்டிக்கிச்சு பாரு."

"தற்செயலாவா?" நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "'உயிரோட கூப்பிட்டா ஒருத்தனும் வரமாட்டான், செத்தா மொத்தக் கிளப்பும் வரும்; இந்த இடத்துல நங்கூரத்தைப் போடச் சொல்லு'ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."